போன் ஏத்துக்காது சார்

சென்னை ரிட்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்த போன் ரிப்பேர் கடை. கடைக்காரத் தம்பி உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் தெருவில்தான் நிற்க வேண்டும். அவ்வளவுதான் விஸ்தீரணம். என் போனை வாங்கி, கைரேகை ஜோசியர் மாதிரி சாய்த்தும் நிமிர்த்தியும் பார்த்தார். படிக்கட்டில் விழுந்து டிஸ்பிளே பொரிந்த அப்பளமாகியிருந்தது.

"காம்போ மாத்தணும் சார். இதே மாடல் டெட் போன்லேர்ந்து எடுத்த ஒரிஜினல் டிஸ்பிளே ஒண்ணு இருக்கு. போட்டா படம் வரும். ஆனா கைரேகை வைக்கிறது வேலை செய்யாது."

"ஒரிஜினல்தானேப்பா?"

"ஒரிஜினல்தான் சார். ஆனா போன் ஏத்துக்காது."

முழுப் பணம் கொடுத்து வாங்கிய பொருள். தவணைகூட இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மூக்கைச் சுளிக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா மாதிரி, ஏற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது? தம்பியிடம் கேட்டால், "ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க சார்" என்றார். ரிட்சி தெருவில் ரெண்டு மணி நேரம் என்றால் சாயங்காலம். ஆகவே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாங்கினவனுக்கே கட்டளையிடும் இந்தப் பொருள்களின் வம்சப் பூர்வோத்தரத்தை ஆதியிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

ஆதி என்றால் 1924. டிசம்பர் 23, ஜெனீவா. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, ஊரெல்லாம் கேக் வாங்க ஓடும் நேரத்தில், உலகத்துக்கு பல்பு விற்கும் பெரிய மனிதர்கள் கூடினார்கள். ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ், பிரான்ஸின் ஒரு கம்பெனி, அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வெளிநாட்டுச் சொந்தபந்தங்கள் எல்லாரும் ஆஜர். அவர்களுக்கு ஒரு பெருங்கவலை. பல்புகள் சாக மாட்டேன் என்கின்றன. 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் என்று அவை பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கின்றன. இப்படி ஆயுசு கெட்டியாக இருந்தால் புது பல்பு யார் வாங்குவான்? கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஒரு பல்புக்கு 1,000 மணி நேர ஆயுள் போதும். பிரம்மா எழுதாத தலையெழுத்தை ஜெனீவாவில் எழுதினார்கள்.

இந்தக் கூட்டணிக்கு வைத்த பெயர் ஃபீபஸ். கிரேக்கர்களின் சூரிய தேவன் பெயர். சூரியன் பெயரை வைத்துக்கொண்டு விளக்கணைக்கிற தொழில். தேர்தல் நேரத்தில்கூட இவ்வளவு துணிச்சலாகக் கூட்டணிக்குப் பெயர் வைக்க மாட்டார்கள்.

வெறும் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. உறுப்பினர் கம்பெனிகள் தங்கள் பல்புகளில் மாதிரி எடுத்து சுவிட்சர்லாந்தில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நிர்ணயித்ததற்கு மேல் எரிந்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம். பையன் நூற்றுக்கு நூறு வாங்கினால் அப்பனைக் கூப்பிட்டு ஃபைன் போடும் பள்ளிக்கூடம் உலகத்தில் அது ஒன்றுதான். இதில் பொறியாளர்களின் பாட்டை யோசித்தால் கண்ணீர் வரும். நன்றாக எரியும் பல்பு செய்வது எளிதில்லைதான். ஆனால் சரியாக ஆயிரமாவது மணியில் மூச்சை விடும் பல்பு செய்வது அதைவிடக் கஷ்டம். அதற்காகவும் படித்தவர்கள் இரவு பகலாக ஆராய்ச்சி செய்தார்கள்.

கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைப்பானேன். நீண்ட நாள் எரியும் இழை மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் தின்னும். இயற்பியல் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தை ஊரறியச் சொல்லி, எது வேண்டும் என்று வாங்குகிறவனையே கேட்டிருக்கலாம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும் நியாயத்தில் எப்போதும் ஒரு வாடை அடிக்கும். கடைசியில் இரண்டாம் உலகப் போர் வந்து கூட்டணியைக் கலைத்தது. ஊரையே இருட்டடிப்பு செய்யும் காலத்தில் பல்புக்கு ஆயுள் கணிப்பதற்கு ஆளில்லை.

இந்தச் சதிக்குத் தப்பிய கிழவர் ஒருவர் இருக்கிறார். கலிபோர்னியாவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கிறது. இப்போது 4 வாட் வெளிச்சம்தான். நம் சாமி அறை விளக்கு அளவு. 2013-ல் ஒருநாள் பொசுக்கென்று அணைந்தது. 112 வயதுப் பெரியவர் போய்விட்டார் என்று ஊரே பதறியது. பார்த்தால் அவருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த யுபிஎஸ்தான் செத்திருந்தது. நேரடி ஒயர் கொடுத்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார். 1901 பிழைத்திருக்க, இந்த நூற்றாண்டு பரலோகம் போயிற்று.

டீ வந்தது. அடுத்த அத்தியாயம் டெலிபோன்.

அமெரிக்காவில் வெகுகாலம் டெலிபோன் என்றால் ஏடி அண்ட் டி. கம்பி அவர்களுடையது, எக்ஸ்சேஞ்ச் அவர்களுடையது, உங்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் கருவியும் அவர்களுடையது. நீங்கள் மாதாமாதம் வாடகை மட்டும் கட்டலாம். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி: சாப்பாடு நம் வீட்டில், பேச்சு மட்டும் அவர் அம்மா பேச்சு. அந்தக் கருவியோடு கம்பெனி தராத எதையும் சேர்க்கக் கூடாது என்பது சட்டதிட்டம்.

இந்த நேரத்தில் ஹாரி டட்டில் என்ற ஒருவர் 'ஹஷ்-எ-ஃபோன்' என்று ஒரு சாமானை விற்றுவந்தார். மின்சாரம் கிடையாது, கம்பி கிடையாது. ஒரு குப்பி, அவ்வளவுதான். பேசும் முனையில் மாட்டி அதற்குள் வாயை வைத்துப் பேசினால் பக்கத்து மேஜைக்காரருக்கு உங்கள் குடும்ப ரகசியம் கேட்காது. ஏடி அண்ட் டி இதைப் பார்த்துக் கொதித்தது. தேசத்தின் தொலைபேசி வலைப்பின்னலுக்கே ஆபத்து என்றது. ஒரு குப்பியால்! விவகாரம் மத்திய தகவல் தொடர்பு ஆணையத்துக்குப் போனது. 1950-ல் விசாரணை. ஒலியியல் மேதைகள் வந்து சாட்சி சொன்னார்கள். தீவிரமாக யோசித்து, யோசித்து, 1955-ல் ஆணையம் தீர்ப்பளித்தது: ஆமாம், குப்பி கெடுதல்தான்.

டட்டில் விடவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 1956-ல் நீதிபதிகளுக்கு ஒரு எளிய சந்தேகம் வந்தது. ஒருவன் கையைக் குவித்து வாயருகே வைத்துக்கொண்டு பேசினாலும் இதேதானே நடக்கும்? அதையும் தடை செய்வீர்களா? கம்பெனியின் சட்ட மூளைகள் அத்தனை ஆண்டுகள் பாதுகாத்துவந்த கோட்டை ஒரு உள்ளங்கையில் இடிந்தது. நியாயமாகப் பார்த்தால் மனிதர்களின் கைகளுக்கும் மாத வாடகை கேட்டிருக்க வேண்டும், அவர்களுக்குத் தோன்றவில்லை.

பிறகு டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் வந்தார். எண்ணெய் வயலில் வேலை செய்கிறவர்களின் ரேடியோவை டெலிபோனோடு பேசவைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' செய்தார். மறுபடி அதே கூச்சல், மறுபடி வழக்கு. 1968-ல் அதே ஆணையம், இந்த முறை கார்ட்டர் பக்கம் நின்றது. வலைப்பின்னலுக்குக் கெடுதல் செய்யாத எதையும் இணைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டை வழியாகத்தான் பின்னாளில் ஃபேக்ஸ் வந்தது, மோடம் வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் இணையம் வந்தது. ஒரு குப்பியைத் தடுக்கப் போய் கடைசியில் வாட்ஸ்அப் குட் மார்னிங்கைத் தடுக்க முடியாமல் போய்விட்டது.

கொஞ்ச காலம் நிம்மதி. வாங்கினவன்தான் சொந்தக்காரன் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பொற்காலத்தின் பெயர் நோக்கியா. கீழே விழுந்தால் மூடி ஒரு மூலை, பேட்டரி ஒரு மூலை, உடம்பு ஒரு மூலை என்று சிதறும். பொறுக்கி எடுத்துப் பொருத்தினால், ஒன்றும் நடக்காத மாதிரி இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டு எழுந்துவிடும். ஜராசந்தனையே இரண்டாகத்தான் கிழித்தார்கள்; இது மூன்றாகி உயிர்த்தது.

2007-ல் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. ஜூன் கடைசியில் அமெரிக்காவில் முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது. மூடி திறக்காது. பேட்டரியை உள்ளே சால்டர் வைத்தே ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் நடுவில் நோக்கியா ஒரு அறிவிப்பு விட்டது: பிஎல்-5சி பேட்டரிகளில், மட்சுஷிட்டா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்தவை சார்ஜ் ஏறும்போது சூடாகலாம், வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். முந்தைய ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்திருந்தார்கள். நம்மவர்கள் பாதிப் பேர் பையில் அந்த போன்தான். பை வெடிக்கப்போகிறது என்று வதந்தி கிளம்ப, சர்வீஸ் சென்டர் வாசலில் ரேஷன் கடைக் கூட்டம். ஆனால் நடந்தது என்ன? நகத்தால் மூடியைத் தள்ளி, பேட்டரியின் முதுகில் இருந்த நீளமான எண்ணைப் படித்து, பட்டியலில் இருந்தால் வேறு வாங்கிக்கொண்டார்கள். போன் அவரவர் கையிலேயே இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய பழுதுபார்ப்பு ஒன்றை, ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல், பொதுஜனம் நகத்தால் செய்து முடித்தது.

இதற்கு நேர் எதிர்க் கதை சாம்சங். 2014-ல் அவர்கள் ஒரு விளம்பரம் எடுத்தார்கள். விமான நிலையத்தில் ஐபோன்காரர்களெல்லாம் பிளக் பாயின்ட் தேடிச் சுவரோரம் ஒண்டிக்கிடக்க, சாம்சங்காரர் பேட்டரியைக் கழற்றி மாற்றிக்கொண்டு ஜம்மென்று நடந்துபோவார். அடுத்த ஆண்டே வந்த கேலக்ஸி எஸ்6-ல் பேட்டரியைக் கழற்ற முடியாது. கிண்டலடித்த வாயோடு அவர்களும் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். 2016-ல் நோட் 7 தீப்பிடித்தபோது நகம் உதவவில்லை. சுமார் 25 லட்சம் போன்களை முழுசாகத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் புகைந்தன. கடைசியில் அமெரிக்க விமானங்களில் அந்த போனுக்கே தடை.

ஆனால் இந்தப் புராணத்தின் நாயகர் ஆப்பிள்தான். மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். இவர்கள் கதவுக்குக் கவிதை எழுதினார்கள். ஐபோன் 4 வந்த புதிதில் அடிப்பக்கத்து ஸ்க்ரூ சாதாரண பிளஸ் ஸ்க்ரூதான். பிறகு அந்த இடத்தில் ஐந்து இதழ்ப் பூப்போல் ஒரு ஸ்க்ரூ முளைத்தது. பெயர் பென்டலோப். அதைத் திறக்கும் டிரைவர் அப்போது எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடையாது. பழைய ஸ்க்ரூ உள்ள போனை ரிப்பேருக்குக் கொடுத்தால், திரும்பி வரும்போது பூ ஸ்க்ரூவோடு வந்தது என்பதைக் கலிபோர்னியாவின் ஐஃபிக்சிட் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே போன ஆளுக்கு வெளியே வரும்போது நெற்றியில் நாமம். நமக்கும் சேர்த்துத்தான். ஐஃபிக்சிட் என்பது 2003-ல் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய கடை. எதையும் பிரித்துப் படம் போட்டுக் காட்டுவதே தொழில். உடனே அந்தப் பூவுக்கு ஒரு டிரைவர் செய்து, கூடவே மாற்றிப்போட சாதாரண ஸ்க்ரூவும் வைத்து, விடுதலைப் பொட்டலம் என்று விற்றார்கள். காந்திக்கு உப்பு, இவர்களுக்கு ஸ்க்ரூ.

ஸ்க்ரூவைத் திறந்துவிடுவார்கள் என்று தெரிந்ததும் பூட்டு மென்பொருளுக்குக் குடிபோனது. விரல் பதிக்கும் பொத்தானை வெளிக்கடையில் மாற்றியவர்கள் 2016 வாக்கில் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தபோது, போன் 'எரர் 53' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு மௌனசாமியாகிவிட்டது. பாதுகாப்புக்காக என்றது கம்பெனி. விரல் ரேகை விஷயத்தில் பாதுகாப்பு வேண்டும்தான். கைரேகைப் பூட்டை யாரோ மாற்றினால் அந்தப் பூட்டை மட்டும் முடக்கலாம். வீட்டையே இடித்துவிட்டுத் திருடன் வரவில்லை பார் என்பது என்ன காவல்? ஆப்பிளே பிறகு மன்னிப்புக் கேட்டு சரிசெய்தது. ஆஸ்திரேலியா விடாமல் 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் வாங்கியது.

அதற்கு நடுவில் 2017 டிசம்பரில் இன்னொன்று வெளிவந்தது. பேட்டரி வயதான ஐபோன்களை, திடீரென்று அணையாமல் இருக்க, கம்பெனியே சத்தமில்லாமல் மெதுவாக்கியிருந்தது. தாத்தா விழுந்துவிடக் கூடாது என்று அவருக்கே சொல்லாமல் காலைக் கட்டிவைத்த கதை. அதுவரை ஜனங்கள் என்ன செய்தார்கள்? போன் கிழடாகிவிட்டது என்று புதுசு வாங்கினார்கள். குட்டு வெளிப்பட்டதும் 79 டாலர் பேட்டரி மாற்றம் 29 டாலராக இறங்கிற்று. 2020-ல் அமெரிக்க வழக்கு ஒன்று 50 கோடி டாலர் வரை கொடுப்பதாகச் சமரசத்தில் முடிந்தது.

போன்காரர்கள் மட்டும் இப்படி என்று நினைத்தால், வயலிலும் இதே கூத்து. ஜான் டீர் டிராக்டர் கம்பெனி 2015-ல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன கருத்தின் சாரம்: டிராக்டரை வாங்கிய விவசாயிக்குக் கிடைப்பது, வண்டி உள்ளவரை அதை ஓட்டிக்கொள்ள ஒரு மறைமுக அனுமதி. இதற்குப் பிறகு நெப்ராஸ்கா விவசாயிகள் உக்ரைன் பக்கம் கள்ளத்தனமாகக் கிடைத்த மென்பொருளை ஏற்றித் தங்கள் சொந்த டிராக்டரை எழுப்பினார்கள். ஏர்க்கலப்பைக்கு பாஸ்வேர்டு வேண்டும் என்று சொல்லியிருந்தால் நம் பாட்டன்மார் ஏர் மாட்டை வைத்தே கம்பெனிக்காரனை உழுதிருப்பார்கள்.

இனி என் டிஸ்பிளே கதை. இப்போது பல போன்களில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு எண். அந்த எண் தாய் போர்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால், அதே ஆலையில் அதே நாளில் பிறந்த உறுப்பாக இருந்தாலும் பொருத்தம் இல்லை. பத்துப் பொருத்தமும் பார்த்து எழுதித் தரும் புரோகிதர் கம்பெனி ஒருவர்தான். தட்சணையும் அவர் சொல்வதுதான். 2021-ல் ஐபோன் 13 வந்தபோது, இரண்டு புதுப் போன்களின் திரைகளைக் கழற்றி ஒன்றுக்கொன்று மாற்றிப் பார்த்தார்கள். இரண்டுமே அசல். இரண்டிலும் முகம் காட்டித் திறப்பது நின்றுபோயிற்று. ஊர் சிரித்ததும் கம்பெனி இறங்கிவந்தது. 2024-ல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் இந்த ஜாதகம் பார்க்கும் வழக்கத்துக்கே சட்டத்தில் தடை போட்டது. சுயமரியாதைத் திருமணம் போன்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் இங்கே அல்ல, ஒரேகானில்.

எதிர்ப்பு அதிகமாகவே 2022-ல் ஆப்பிள், சரி, நீங்களே ரிப்பேர் செய்துகொள்ளுங்கள் என்றது. கருவிகள் வாரம் 49 டாலர் வாடகை. கேட்டவர் வீட்டு வாசலில் வந்து இறங்கியவை இரண்டு பெரிய பெட்டிகள். எடை சேர்ந்து 36 கிலோ. சட்டைப்பையில் போகும் போனின் பேட்டரியை மாற்ற, துபாயிலிருந்து வந்திறங்கிய மாமா சாமான் அளவுக்கு. கேட்டதைக் கொடுத்தும் ஆயிற்று, இனி எவனும் கேட்க மாட்டான் என்ற ஏற்பாடும் ஆயிற்று. நம் கடைக்காரத் தம்பி ஒரு ஹாட் ஏர் கன், ஒரு ட்வீசர், நாலு கிடார் பிக் வைத்து அதையே மாடிப்படிக்குக் கீழே செய்கிறார்.

நம் அரசும் சும்மா இல்லை. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது; டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது; போன், டிராக்டர், வண்டி, வீட்டுச் சாமான் நான்கும் அதில் உண்டு. எந்தப் பொருள் எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கக்கூடியது என்று மதிப்பெண் போடலாம் என 2025-ல் இன்னொரு குழு அறிக்கை கொடுத்தது. பிரான்ஸ் 2021-லிருந்தே கடையில் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அந்த மதிப்பெண்ணை ஒட்டவைக்கிறது. இங்கே அறிக்கை வந்திருக்கிறது. குழுக்கள் மட்டும் நம் நாட்டில் எப்போதும் பழுதாவதில்லை.

எதிர்காலம் ஐரோப்பாவில் தயாராகிறது. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று ஒரு சட்டம். நகத்தால் மூடியைத் தள்ளும் காலம் திரும்புகிறது. இருபது வருடம் சுற்றி நோக்கியாவுக்கே வந்து சேர்ந்தோம் என்று டீக்கடையில் எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் போன்களுக்கென்று 2025 ஜூன் 20 முதல் தனி விதி ஒன்று நடப்பில் இருக்கிறது. உதிரி பாகங்களை ஏழு ஆண்டு வரை தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். கூடவே ஒரு விதிவிலக்கு: தண்ணீர் புகாத போனாக இருந்து, 1,000 முறை முழுசாக சார்ஜ் ஏறிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் தெம்பு இருந்தால், பின்மூடியை அப்படியே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். 1924-ல் ஆயிரத்தைத் தாண்டினால் அபராதம். இப்போது ஆயிரத்தைத் தாண்டினால் பரிசு. நடுவில் நூறு வருடம் போனாலும் அந்த ஆயிரத்தை மட்டும் யாருக்கும் விட மனசு வரவில்லை.

ஆறு மணிக்குத் தம்பி கூப்பிட்டார். டிஸ்பிளே பளிச்சென்று இருந்தது. விரலை வைத்தேன். போன் என்னை யாரென்றே தெரியாதமாதிரி பார்த்தது.

"நம்பர் போட்டுத் திறந்துக்கங்க சார்" என்றார். "பேட்டரியும் போற நிலைமையிலதான் இருக்கு. கையோட மாத்திடலாமா?"

"அதையாவது ஏத்துக்குமா?"

"ஏத்துக்கும் சார். ஆனா இது யாரோடதோன்னு மெசேஜ் காட்டிக்கிட்டே இருக்கும்."